ஒரே காலையில் பக்கம் மாறிய நாடு!

குட்டீஸ், நீங்கள் தினமும் பள்ளிக்குப் போகும் சாலையை ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். பஸ், லாரி, ஆட்டோ, சைக்கிள் எல்லாமே சாலையின் இடது பக்கமாகத்தானே போகின்றன? எதிரே வரும் வண்டிகள் நமக்கு வலது பக்கமாக வருகின்றன. பிறந்ததில் இருந்து இதைத்தான் பார்த்து வருகிறோம்.

திடீரென்று ஒருநாள், "நாளைக் காலை 5 மணியில் இருந்து எல்லா வண்டிகளும் வலது பக்கமாகத்தான் போக வேண்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு தெருவில் மட்டுமல்ல, ஓர் ஊரில் மட்டுமல்ல, நாடு முழுவதும்!

"ஐயோ! டமால், டுமீல்தான்" என்கிறீர்களா? நீங்கள் மட்டுமல்ல, பெரியவர்கள் பலரும் அப்படித்தான் பயந்தார்கள். ஆனால், ஒரு நாடு இதை நிஜமாகவே செய்து காட்டியது. ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் ஸ்வீடன்தான் அந்த நாடு. 1967ம் ஆண்டு, செப்டம்பர் 3ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அது நடந்தது. அன்று என்ன ஆயிற்று? வாருங்கள், பார்க்கலாம்!

இடதா, வலதா?

உலகில் எல்லா நாடுகளும் ஒரே பக்கமாக வண்டி ஓட்டுவதில்லை. இந்தியா, இலங்கை, இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இடது பக்கம். அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, சீனா போன்ற நாடுகளில் வலது பக்கம். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இடப்பக்க நாடுகளிலும், மற்றவர்கள் வலப்பக்க நாடுகளிலும் வாழ்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். குதிரையில் போன வீரர்கள், வாள் பிடிக்கும் வலது கை எதிரே வருபவர் பக்கம் இருக்க வேண்டும் என்று இடது பக்கமாகப் போனார்கள் என்பது ஒரு விளக்கம். பிரான்ஸ், அமெரிக்கா போன்ற நாடுகளில் பல குதிரைகள் பூட்டிய பெரிய வண்டிகள் இருந்தன. ஓட்டுபவர் இடது பக்கக் குதிரை மேல் உட்கார்ந்து வலது கையால் சாட்டையைச் சுழற்றுவார். எதிரே வரும் வண்டி தன் இடது பக்கமாகக் கடந்தால்தான் சக்கரங்கள் உரசாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதனால் அவர்கள் வலது பக்கமாகப் போகத் தொடங்கினார்கள் என்பது இன்னொரு விளக்கம்.

இங்கிலாந்தில் 1835ம் ஆண்டு வந்த நெடுஞ்சாலைச் சட்டம் 'இடது பக்கமே செல்' என்று எழுதி வைத்தது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. நாம் இடது பக்கம் போவதும் அதனால்தான்.

ஸ்வீடனும் 1734ம் ஆண்டில் இருந்து இடப்பக்க நாடாகவே இருந்தது. ஆனால், அதன் பக்கத்து நாடுகளான நார்வேயிலும் பின்லாந்திலும் வலது பக்கம்! எல்லையைத் தாண்டியதும் டிரைவர்கள் பக்கம் மாற வேண்டும். மறந்தால் எதிரே வரும் வண்டிக்கு நேராகப் போய் நிற்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை செய்யலாமா?

தீப்பெட்டி சோதனை

ஒரு டிபன் பாக்ஸ், ஒரு காலி தீப்பெட்டி, ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் சாலையின் நடுக்கோடு. கோட்டின் இடது பக்கம் டிபன் பாக்ஸை வையுங்கள். அது லாரி. அதன் பின்னால் தீப்பெட்டியை வையுங்கள். அது கார்.

இப்போது தீப்பெட்டியின் வலது ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கேதான் டிரைவர் இருக்கிறார். நம் நாட்டுக் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம்தானே இருக்கிறது? லாரியை முந்த வேண்டும் என்றால், தீப்பெட்டியைக் கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினால் போதும். எதிரே வண்டி வருகிறதா என்று புள்ளிக்குத் தெரிந்துவிடும். வந்தால், சட்டென்று லாரிக்குப் பின்னால் வந்துவிடலாம்.

அடுத்து, புள்ளியைத் தீப்பெட்டியின் இடது ஓரத்தில் வையுங்கள். இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் என்ன ஆகிறது? அநேகமாக முழுத் தீப்பெட்டியும் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும்! எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால்? அவ்வளவுதான்.

ஸ்வீடனில் அப்போது இருந்த கார்களில் பத்துக்கு ஒன்பது, இந்த இரண்டாவது தீப்பெட்டி போன்றவை. சாலையில் போவது இடது பக்கம், ஸ்டீயரிங் இருப்பதும் இடது பக்கம்! அமெரிக்கா, ஜெர்மனி போன்ற வலப்பக்க நாடுகளின் கார்களை அங்கே நிறையப் பேர் வாங்கினார்கள். அந்த நாட்டிலேயே தயாரான வால்வோ, சாப் கார்களிலும் ஸ்டீயரிங் இடது பக்கம்தான். குறுகலான சாலைகளில் முந்திப் போகும்போது நேருக்கு நேர் மோதும் ஆபத்து இதனால் அதிகமாக இருந்தது.

"காரை மாற்ற முடியாது என்றால், சாலையை மாற்றி விடலாமே!" என்று அரசு யோசித்தது.

வேண்டவே வேண்டாம்!

1955ம் ஆண்டு ஸ்வீடன் அரசு மக்களிடமே கேட்டது. "வலது பக்கத்துக்கு மாறலாமா, வேண்டாமா?" என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. முடிவு என்ன தெரியுமா? நூற்றுக்கு 83 பேர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்!

மக்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றினால் எத்தனை விபத்துகள் நடக்குமோ என்ற பயம் அவர்களுக்கு. செலவு வேறு கோடிக்கணக்கில் ஆகும். அதனால் அரசும் அப்போதைக்கு விட்டுவிட்டது.

ஆனால், சாலையில் வண்டிகள் பெருகிக்கொண்டே இருந்தன. 1955ல் சுமார் எட்டரை லட்சமாக இருந்த வண்டிகள், 1967ல் ஏறக்குறைய 20 லட்சம் ஆகிவிட்டன. வண்டிகள் பெருகப் பெருக மாற்றுவது இன்னும் கஷ்டம், செலவும் இன்னும் அதிகம். எப்போதாவது மாற வேண்டும் என்றால், சீக்கிரம் மாறுவதுதான் நல்லது.

கடைசியில் 1963ம் ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம், "மாறியே தீருவோம்" என்று முடிவெடுத்தது. 'பெரும்பாலான மக்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அரசு செய்யலாமா?' என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? நல்ல கேள்வி! அங்கேயும் பலர் அதையே கேட்டார்கள். அரசுக்கு இருந்த ஒரே வழி, எந்தக் குழப்பமும் இல்லாமல் மாற்றிக் காட்டுவதுதான். ஒருவேளை விபத்துகள் குவிந்துவிட்டால், "நாங்கள்தான் அப்போதே சொன்னோமே!" என்று நாடே கேட்கும்.

நான்கு வருட வேலை

மாறப் போகும் நாளுக்கு 'டாகன் ஹோ' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் நாம் 'எச்' என்று சொல்லும் எழுத்தை ஸ்வீடன் மொழியில் 'ஹோ' என்பார்கள். 'டாகன்' என்றால் நாள். அந்த மொழியில் வலது என்பதற்கான சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அதனால் 'எச் நாள்' என்று பெயர்!

வேலைகளைக் கவனிக்கத் தனியாக ஓர் அரசுக் குழு அமைக்கப்பட்டது. செய்ய வேண்டிய வேலைகளைப் பார்த்தாலே தலை சுற்றும்.

முதலில் சாலைப் பலகைகள். 'வளைவு', 'வேகத்தைக் குறை', 'பள்ளி' போன்ற பலகைகள் எல்லாம் இடது பக்கம் போகிறவர்களுக்காக வைக்கப்பட்டவை. பக்கம் மாறினால் அவை டிரைவர் கண்ணில் படாது. நாடு முழுவதும் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் பலகைகளை மாற்ற வேண்டி இருந்தது! புதிய பலகைகளை முன்கூட்டியே நட்டு, கறுப்புத் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடி வைத்தார்கள். புதிய சிக்னல் விளக்குகளையும் அப்படியே மூடி வைத்தார்கள்.

சாலைக் கோடுகளிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய கோடுகள் மஞ்சள் நிறம். புதிய கோடுகளை வெள்ளை நிறத்தில் போட்டு, அவற்றின் மேல் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார்கள். அந்த நாள் வந்ததும் டேப்பை உரித்தால் போதுமே!

அடுத்தது பஸ். நம் ஊர் பஸ்ஸில் படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது? இடது பக்கம். அப்போதுதான் நடைபாதையில் இருந்து ஏறலாம், நடைபாதையிலேயே இறங்கலாம். பஸ் வலது பக்கமாகப் போனால்? படிக்கட்டு நடுச்சாலையில் அல்லவா இருக்கும்! இறங்குபவர்கள் நேராக வண்டிகளுக்கு நடுவே காலை வைக்க வேண்டியதுதான். அதனால் ஆயிரக்கணக்கான பழைய பஸ்களின் வலது பக்கத்திலும் கதவு வைத்தார்கள். சுமார் ஆயிரம் புதிய பஸ்கள் வாங்கினார்கள். பழைய பஸ்கள் சில, இடப்பக்க நாடுகளான பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் விற்கப்பட்டன. பஸ் நிறுத்தங்கள் எல்லாம் சாலையின் எதிர்ப்பக்கம் போயின.

வண்டியின் முகப்பு விளக்கும் தப்பவில்லை. விளக்கு வெளிச்சம் சாலையில் சரிசமமாக விழுவதில்லை தெரியுமா? சாலை ஓரத்தில் நடப்பவர்கள் தெரிய வேண்டும் என்பதற்காக ஓரத்துப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவும், எதிரே வரும் டிரைவரின் கண் கூசாமல் இருக்க மறுபக்கம் கொஞ்சம் குறைவாகவும் விழும்படி செய்திருப்பார்கள். பக்கம் மாறினால் எல்லாமே தலைகீழ்! நடப்பவர் தெரியமாட்டார், எதிரே வருபவருக்குக் கண் கூசும். எனவே லட்சக்கணக்கான வண்டிகளில் விளக்குகளை மாற்ற வேண்டி வந்தது.

பாவம், டிராம் வண்டிகள்! தண்டவாளத்தில் ஓடும் டிராமைச் சுலபமாகப் பக்கம் மாற்ற முடியாது. தலைநகர் ஸ்டாக்ஹோம் நகருக்குள் ஓடிய டிராம்கள், மாறும் நாளுக்கு முந்தைய இரவோடு விடைபெற்றன. அவற்றுக்குப் பதில் பஸ்கள் வந்தன. ஆனால், கோதன்பர்க் நகரம் தன் டிராம்களை விடவில்லை. இன்றும் அங்கே டிராம்கள் ஓடுகின்றன.

இத்தனைக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த நாட்டுப் பணத்தில் 60 கோடி குரோனருக்கும் மேல்.

மனதை மாற்றுவது எப்படி?

பலகையை மாற்றிவிடலாம், பஸ் கதவை மாற்றிவிடலாம். மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவது எப்படி?

நீங்கள் சைக்கிள் ஓட்டும்போது, 'இடது பக்கம் போக வேண்டும்' என்று ஒவ்வொரு நிமிடமும் யோசிப்பதில்லை. கை தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடினால் யோசிக்க நேரமே இல்லை. பழகிய பக்கம்தான் கை திரும்பும். புதிய விதியில் பழகிய பக்கம் என்பது ஆபத்தான பக்கம் ஆயிற்றே!

நடப்பவர்களுக்கும் இதே பிரச்னைதான். ஸ்வீடனில் உங்களைப் போல பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்று அம்மா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஏனென்றால், இடப்பக்க நாட்டில் நமக்கு அருகில் வரும் வண்டி வலது பக்கத்தில் இருந்துதான் வரும். இனிமேல் அவள் முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் ஆபத்து.

அதனால் அரசு, மனநல நிபுணர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. "மக்கள் எங்கே திரும்பினாலும் இது கண்ணில் படவேண்டும், காதில் விழவேண்டும்" என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் விளக்கப் புத்தகம் போனது. ரேடியோவிலும் டிவியிலும் ஓயாமல் விளம்பரம். 'எச்' எழுத்தின் மேல் இடது பக்கத்தில் இருந்து வலது பக்கம் தாவும் அம்புக்குறி, அதுதான் சின்னம். பால் பாக்கெட்டில் அந்தச் சின்னம், காரில் ஒட்டும் ஸ்டிக்கரில் அந்தச் சின்னம். ஏன், உள்ளாடையில்கூட அந்தச் சின்னம் இருந்தது! காலையில் எழுந்து டிரஸ் போடும்போதே ஞாபகம் வந்துவிடும் அல்லவா? இதற்காக ஒரு பாட்டுப் போட்டியும் நடத்தினார்கள். ஜெயித்த பாட்டு நாடு முழுவதும் பிரபலமாகி விட்டது.

மணி 4.50

கடைசியில் அந்த நாள் வந்தது. 1967ம் ஆண்டு, செப்டம்பர் 3. ஞாயிற்றுக்கிழமையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரிகிறதா? அன்று அலுவலகமும் இல்லை, பள்ளியும் இல்லை!

நள்ளிரவு 1 மணியில் இருந்து காலை 6 மணி வரை, மிக அவசியமான வண்டிகளைத் தவிர வேறு எதுவும் நாடு முழுவதும் ஓடக்கூடாது என்று உத்தரவு. ஸ்டாக்ஹோம் போன்ற பெரிய நகரங்களில் வேலை அதிகம். அதனால் அங்கே சனிக்கிழமை காலை 10 மணிக்கே தடை தொடங்கிவிட்டது.

இரவெல்லாம் வேலை நடந்தது. சாலைப் பணியாளர்களோடு ராணுவ வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூடி வைத்த பலகைகளைத் திறந்தார்கள். பழைய பலகைகளைக் கழற்றினார்கள். டேப்புகளை உரித்தார்கள்.

மணி 4.50. சாலையில் இருந்த அத்தனை வண்டிகளும் நின்றன. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கத்தில் இருந்து வலது பக்கத்துக்கு நகர்ந்தன. மறுபடியும் நின்றன. 5 மணி வரை அப்படியே காத்திருந்தன.

அந்த அதிகாலையிலும் ஸ்டாக்ஹோமின் தெருக்களில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. குங்ஸ்காதன் என்ற பெரிய தெருவில் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பக்கம் மாறும் காட்சியைப் புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் உலகப் புகழ் பெற்றது.

மணி 5. ஸ்வீடன் வலப்பக்க நாடாக மாறிவிட்டது!

திங்கட்கிழமை பயம்

ஞாயிற்றுக்கிழமை அமைதியாகப் போய்விட்டது. நாடு முழுவதும் சுமார் 150 சிறிய விபத்துகள் மட்டுமே நடந்தன. ஆனால், உண்மையான பரீட்சை மறுநாள்தான். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போகிறவர்கள், பள்ளி செல்லும் குழந்தைகள், லாரிகள், பஸ்கள் என்று எல்லோரும் புதிய பக்கத்தில் இறங்குவார்களே!

சாலைச் சந்திப்புகளில் போலீசாரும் தன்னார்வலர்களும் நின்று வழிகாட்டினார்கள். வண்டிகளின் வேகத்துக்கும் கடிவாளம் போட்டிருந்தார்கள். ஊருக்குள் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் போகலாம்.

அன்று மாலை கணக்குப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய திங்கட்கிழமைகளில் நாட்டில் 130ல் இருந்து 198 விபத்துகள் வரை நடந்திருந்தன. பக்கம் மாறிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை? 125 மட்டுமே! அவற்றில் ஒருவர்கூட உயிர் இழக்கவில்லை.

எல்லோரும் பயந்ததற்கு நேர்மாறாக, விபத்துகள் குறைந்துவிட்டன! 1966ம் ஆண்டு ஸ்வீடன் சாலைகளில் 1,313 பேர் இறந்தார்கள். பக்கம் மாறிய 1967ம் ஆண்டில் அது 1,077 ஆகக் குறைந்தது.

பயம் போனதும்...

ஏன் குறைந்தது? முந்திச் செல்லும்போது டிரைவருக்கு எதிர்ப்பக்கம் நன்றாகத் தெரிந்தது ஒரு காரணம். ஆனால், இன்னொரு பெரிய காரணம் இருந்தது. எல்லோரும் கவனமாக இருந்தார்கள்!

'தப்பு செய்துவிடுவோமோ' என்ற எண்ணத்தில் ஒவ்வொருவரும் மெதுவாக ஓட்டினார்கள். திரும்பும் முன் இரண்டு தடவை பார்த்தார்கள். எதிரே வருபவர் தவறு செய்யக்கூடும் என்று இடம் விட்டுக் கொடுத்தார்கள். நடப்பவர்கள் நின்று நிதானித்துக் கடந்தார்கள்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? மக்களுக்குப் புதிய பக்கம் பழகிவிட்டது. 'இது நமக்குத் தெரிந்ததுதானே' என்ற எண்ணம் வந்தது. கவனம் குறைந்தது. வேகம் கூடியது. 1969ம் ஆண்டுக்குள் விபத்துகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பழைய நிலைக்கே வந்துவிட்டது!

யோசித்துப் பாருங்கள், குட்டீஸ். சாலை அதேதான், வண்டிகளும் அவைதான், ஓட்டியவர்களும் அவர்களேதான். மாறியது அவர்களுடைய கவனம் மட்டும்தான்.

ஸ்வீடன் இதோடு நின்றுவிடவில்லை. மூன்று முனை சீட் பெல்ட்டை 1959ம் ஆண்டிலேயே உருவாக்கியவர், வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. இன்று உலகம் முழுவதும் கார்களில் இருப்பது அந்த பெல்ட்தான். 1977ம் ஆண்டு முதல், பட்டப்பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டபடியே வண்டி ஓட்ட வேண்டும் என்று ஸ்வீடனில் சட்டம் வந்தது. தூரத்திலேயே வண்டி கண்ணில் படும் அல்லவா?

1997ம் ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம் இன்னொரு முடிவும் எடுத்தது. 'சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கக் கூடாது, படுகாயம் அடையக் கூடாது' என்பதே அதன் இலக்கு. மனிதர்கள் எப்போதாவது தவறு செய்யத்தான் செய்வார்கள். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையும் வண்டியும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் இருக்கப் பல சாலைகளின் நடுவில் கம்பித் தடுப்புகள் போட்டார்கள். 1966ல் 1,313 பேர் இறந்த அதே நாட்டில், 2019ம் ஆண்டு முதல் ஆண்டுக்கு 300 பேருக்கும் குறைவாகவே சாலை விபத்தில் இறக்கிறார்கள். மக்கள் தொகையும் வண்டிகளும் அப்போதைவிட மிக அதிகம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நாங்களும் மாறினோம்!

ஸ்வீடனைப் போலப் பக்கம் மாறிய வேறு சில இடங்களும் உண்டு.

* ஐஸ்லாந்து: ஸ்வீடன் மாறிய அடுத்த ஆண்டே, 1968ம் ஆண்டு மே 26ல் இடது பக்கத்தில் இருந்து வலது பக்கத்துக்கு மாறியது.

* மியான்மர்: நம் பக்கத்து நாடான இது, 1970ம் ஆண்டு வலது பக்கத்துக்கு மாறியது. ஆனால், ஸ்டீயரிங் வலது பக்கமே இருக்கும் கார்கள் அங்கே பல ஆண்டுகள் ஏராளமாக ஓடின. நம் தீப்பெட்டிச் சிக்கல் அங்கே புதிதாகத் தொடங்கியது!

* ஒகினாவா: ஜப்பானைச் சேர்ந்த இந்தத் தீவு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதனால் அங்கே வலது பக்கம். 1972ல் ஜப்பானிடம் திரும்பி வந்தது. ஒரே நாட்டில் இரண்டு விதமான பழக்கம் இருக்கலாமா? 1978ம் ஆண்டு ஜூலை 30ல் இடது பக்கத்துக்கு மாறியது.

* சமோவா: பசிபிக் கடலில் உள்ள குட்டித் தீவு நாடு. 2009ம் ஆண்டு செப்டம்பர் 7ல், வலது பக்கத்தில் இருந்து இடது பக்கத்துக்கு மாறியது. காரணம், கார் விலை! அருகில் உள்ள ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இடப்பக்க நாடுகள். அங்கிருந்து பழைய கார்களை மலிவாக வாங்கலாம். அங்கே வேலை பார்க்கும் உறவினர்களும் கார்களை அனுப்பி வைக்கலாம். மக்கள் பழகுவதற்காக இரண்டு நாள் விடுமுறையும் விட்டார்கள்.

எல்லைப் பாலத்தில் என்ன செய்வார்கள்?

தாய்லாந்தில் இடது பக்கம், அடுத்த நாடான லாவோசில் வலது பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓடும் மீகாங் ஆற்றின் மேல் 1994ம் ஆண்டு ஒரு நட்புறவுப் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தில் வண்டிகள் இடது பக்கமாகவே போகின்றன. லாவோஸ் கரையை அடைந்ததும், சிக்னல் விளக்கின்படி ஒவ்வொரு பக்கத்து வண்டிகளாகக் குறுக்கே கடந்து பக்கம் மாறுகின்றன.

லண்டனில் இன்னொரு வேடிக்கை! நகரம் முழுவதும் இடது பக்கம். ஆனால், சவாய் ஓட்டலின் வாசலுக்குப் போகும் சின்னஞ்சிறு சாலையில் மட்டும் வலது பக்கமாகத்தான் போக வேண்டும்!

ஸ்வீடனிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. கார், பஸ், லாரி எல்லாம் வலது பக்கம் மாறிவிட்டன அல்லவா? ஆனால், அந்த நாட்டு ரயில்கள் இன்றும் பெரும்பாலும் இடது பக்கத் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. ரயில்களை யாரும் மாற்றவே இல்லை!

நாளைக் காலையில்...

நம் நாட்டில் பக்கம் மாறப் போவதில்லை. ஆனால், ஸ்வீடன் மக்களின் அந்த முதல் திங்கட்கிழமையை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தினமும் போகும் சாலை, தினமும் கடக்கும் இடம் என்பதால்தான் பேசிக்கொண்டே, விளையாடிக்கொண்டே கடக்கிறோம். நாளைக் காலை பள்ளிக்குப் போகும்போது, அந்தச் சாலையை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நில்லுங்கள். முதலில் வலது பக்கம் பாருங்கள். அடுத்து இடது பக்கம். மறுபடியும் ஒரு தடவை வலது பக்கம். வண்டி ஏதும் வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு, ஓடாமல் நடந்து கடந்து செல்லுங்கள்.

அப்பாவோ, மாமாவோ வண்டி ஓட்டும்போது "இது எனக்குப் பழகிய ரோடுதான்" என்று சொல்லி வேகமாகப் போகிறார்களா? மெதுவாக அவர்கள் காதில், ஸ்வீடனின் கதையைச் சொல்லுங்கள். அந்தத் தீப்பெட்டி சோதனையையும் மறக்காமல் செய்து காட்டுங்கள்!